ஒரு பண், இரு மொழி

நுழையும்முன்

பள்ளி வளாகத்தில் நாட்டுப்பண் ஒலிக்கும்போது அனைவரும் எழுந்து நிற்கின்றனர். அப்பண்ணின் மொழி, பாடுவோர் அனைவருக்கும் தாய்மொழியாக இருப்பதில்லை. பிறமொழியில் அமைந்த ஒரு பண்ணை மக்கள் எவ்வாறு தம்முடையதாக ஏற்கின்றனர்? சிறுபான்மையோர் தம் மொழியில் நாட்டுப்பண்ணைப் பாடும்போது பெரும்பான்மையோர் அதனை எவ்வாறு எதிர்கொள்கின்றனர்? நியூசிலாந்து நாட்டின் வரலாற்றைக்கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

ஓர் அரங்கு, ஒரு குரல்

1999ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள். இலண்டனில் உள்ள டுவிக்கனம் விளையாட்டரங்கில் உலகக்கோப்பை ரக்பிப் போட்டி ஒன்று தொடங்கவிருந்தது. இங்கிலாந்து அணியும் நியூசிலாந்து அணியும் எதிரெதிரே நின்றன. பன்னாட்டுப் போட்டிகளின் மரபுப்படி, ஆட்டம் தொடங்குமுன் இரு நாட்டுப் பண்களும் பாடப்பட வேண்டும். நியூசிலாந்து நாட்டுப்பண்ணைப் பாட ஹினெவெஹி மோஹி என்னும் பாடகி முன்வந்தார். அவர் நியூசிலாந்தின் தொல்குடி மக்களான மாவோரி இனத்தைச் சேர்ந்தவர்.

அவர் பாடிய இசை, நியூசிலாந்து மக்கள் அனைவரும் அறிந்த இசையே. ஆனால் சொற்கள் வேறு. நாட்டுப்பண்ணின் ஆங்கில வடிவத்தைப் பாடாமல், அதன் மாவோரி வடிவத்தை மட்டும் பாடி முடித்தார் அவர். அன்றைய ஆட்டத்தில் நியூசிலாந்து 30–16 என்னும் புள்ளிக்கணக்கில் வென்றது. எனினும் அந்நாட்டில் வெற்றியைப் போலவே பாடலும் பேசுபொருளாயிற்று. வானொலி நிகழ்ச்சிகளிலும் நாளிதழ்களிலும் கண்டனங்கள் எழுந்தன. தங்கள் நாட்டின் பண் தங்களுக்குப் புரியாத மொழியில் ஏன் பாடப்பட்டது எனப் பலர் சினந்து கேட்டனர்.

இச்சினத்தில் ஒரு முரண் அடங்கியிருந்தது. நியூசிலாந்து ரக்பி அணியினர் ஆட்டத்திற்கு முன்பாக 'ஹாக்கா' என்னும் மாவோரி ஆடலை நிகழ்த்துவது வழக்கம். 1905ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சுற்றுப்பயணத்திலேயே அவ்வணி அதனை ஆடியது. கால்களை ஓங்கி மிதித்து, தொடைகளைத் தட்டி, உரத்த குரலில் மாவோரிச் சொற்களை முழங்கும் அவ்வாடலை உலகமே வியந்து பார்த்தது. ஆடலோடு கலந்து வந்த மாவோரி மொழியைப் பெருமையுடன் ஏற்றவர்கள், அதே மொழி நாட்டின் பெயரால் பாடப்பட்டபோது தயங்கினர். ஆடல் ஒரு காட்சி. அதனைக் கண்டு மகிழலாம். நாட்டுப்பண்ணோ 'நாம் யார்' என்னும் வினாவுக்கு ஒரு நாடு தரும் விடை. அவ்விடையில் மாவோரி மொழிக்கு இடம் உண்டா என்பதே அன்று எழுந்த உண்மையான வினா.

பண் பிறந்த வரலாறு

டுவிக்கனத்தில் பாடப்பட்ட மாவோரிச் சொற்கள் அன்றைக்காகப் புதிதாக எழுதப்பட்டவை அல்ல. அவை அதற்கு 121 ஆண்டுகளுக்கு முன்னரே இயற்றப்பட்டவை.

அயர்லாந்தில் பிறந்து நியூசிலாந்தில் குடியேறிய கவிஞர் தாமஸ் பிராக்கன், நாட்டைக் காக்குமாறு இறைவனை வேண்டும் பாடல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1876ஆம் ஆண்டு அப்பாடலுக்கு இசையமைக்க ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. பரிசுத்தொகை 10 கினி. ஒட்டாகோ பகுதியில் லாரன்ஸ் என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஜான் ஜோசப் உட்ஸ் அப்போட்டியில் வென்றார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளன்று டுனெடின் நகரில் அப்பாடல் முதன்முதலாக மக்கள்முன் பாடப்பட்டது.

இரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1878இல், அன்றைய தலைமையமைச்சர் ஜார்ஜ் கிரே கேட்டுக்கொண்டதற்கிணங்க, தாமஸ் ஹென்றி ஸ்மித் என்பவர் அப்பாடலை மாவோரி மொழியில் ஆக்கினார். அவர் மாவோரி மக்களின் நிலவழக்குகளை உசாவும் நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கியவர். ஆக, ஆங்கிலப் பாடல் மக்களிடையே பரவத் தொடங்கிய காலத்திலேயே அதன் மாவோரி வடிவமும் தோன்றிவிட்டது.

1940ஆம் ஆண்டில் அரசு இப்பாடலின் உரிமையைப் பெற்று, அதனை நாட்டின் பாடலாக அறிவித்தது. 1977ஆம் ஆண்டு நவம்பரில் இது நாட்டுப்பண் என்னும் முழுத்தகுதியைப் பெற்றது. பிரித்தானிய அரசரைப் போற்றும் பண்ணும் இதற்கு இணையான நாட்டுப்பண்ணாக அங்கு நீடிக்கிறது.

ஒரு நிலம், இரு பெயர்

இசைப்பாடலை மொழிபெயர்ப்பது கட்டுரையை மொழிபெயர்ப்பதினும் கடினம். உரைநடையில் ஒரு சொல்லுக்கு ஈடாக மூன்று சொற்களைப் பெய்யலாம். பாடலில் அவ்வாறு செய்தல் இயலாது. இசையின் அளவு முன்னரே வரையறுக்கப்பட்டுவிடுகிறது. அசைகளின் எண்ணிக்கை அதற்குள் அடங்க வேண்டும். இசை ஓங்கும் இடத்தில் பொருளும் ஓங்க வேண்டும். ஆதலால் நாட்டுப்பண்களின் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் அமைவதில்லை. அவை மூலப்பாடலின் உணர்வை ஏற்று, தம் மொழியின் இயல்பில் மீண்டும் பிறக்கின்றன.

நியூசிலாந்து நாட்டுப்பண்ணும் அவ்வாறே அமைந்துள்ளது. ஆங்கில வடிவம் நியூசிலாந்து என்னும் பெயரோடு முடிகிறது. அப்பெயர் நெதர்லாந்து நாட்டின் சீலாந்து என்னும் மாநிலத்தின் நினைவாக ஐரோப்பியர் இட்டது. மாவோரி வடிவமோ அந்நிலத்தின் மாவோரிப் பெயரான 'ஆவோதேயரோவா' என்பதோடு முடிகிறது. அப்பெயருக்கு 'நீண்ட வெண்முகில் நிலம்' எனப் பொருள் கூறுவர். ஒன்று தொலைவிலுள்ள வேறொரு நிலத்தை நினைந்து சூட்டிய பெயர். மற்றொன்று அந்நிலத்தின் வானை நோக்கிச் சூட்டிய பெயர். ஒரே இசையின் ஒரே இடத்தில் இவ்விரு பெயர்களும் மாறி மாறி ஒலிக்கின்றன.

வேண்டுதலைச் சுட்டும் வினைச்சொல்லிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ஆங்கில வடிவத்தில் உள்ள வினைச்சொல், பகைவரிடமிருந்து அரண்போல் நின்று காத்தலைக் குறிப்பது. மாவோரி வடிவம் 'மனாக்கி' என்னும் சொல்லின் அடியாகப் பிறந்த வினையைப் பயன்படுத்துகிறது. அன்போடு பேணுதல், ஆதரித்தல், விருந்தினரை மதிப்புடன் வரவேற்றல் ஆகிய பொருள்கள் அச்சொல்லுக்கு உண்டு. மாவோரி மக்கள் தம் வாழ்வின் உயரிய பண்பாகப் போற்றும் விருந்தோம்பலும் இச்சொல்லின் அடியாகவே பெயர்பெற்றது.

இச்சொல்லின் பொருளைத் தமிழர் எளிதில் உணரலாம். தமிழில் 'ஓம்புதல்' என்னும் சொல் காத்தல், பேணுதல், வளர்த்தல் ஆகிய பொருள்களைத் தருகிறது. விருந்து என்னும் சொல்லோடு சேரும்போது அதுவே 'விருந்தோம்பல்' ஆகித் திருக்குறளின் ஓர் அதிகாரத்திற்குப் பெயராகிறது. ஆங்கில வடிவம் 'நாட்டைக் காப்பாயாக' என வேண்டுகிறது எனில், மாவோரி வடிவம் 'நாட்டை ஓம்புவாயாக' என வேண்டுகிறது எனலாம். இரு மொழிகளிலும் பொருளுணர்ந்து பாடுபவர், ஒரு மொழியில் மட்டும் பாடுபவர் பெறாத ஒரு விரிவைப் பெறுகிறார்.

ஏட்டில் இருந்தது, நாவில் இல்லை

இத்தகைய மாவோரி வடிவம் ஒன்று நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்தும், 1999இல் அதனைக் கேட்ட பலருக்கு அது ஏன் அயலாகத் தோன்றியது? அதற்கான விடை மாவோரி மொழியின் வரலாற்றில் உள்ளது.

1840ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், பிரித்தானிய அரசின் சார்பாளரும் மாவோரித் தலைவர்களும் வைதாங்கி என்னும் இடத்தில் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். மாவோரி மக்களின் அரும்பொருள்கள் பாதுகாக்கப்படும் என்னும் உறுதி அதில் இடம்பெற்றது. ஆயினும் 1867இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, மாவோரிச் சிற்றூர்களின் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்க வழிவகுத்தது. காலப்போக்கில், பள்ளி வளாகத்தில் தாய்மொழியில் பேசிய மாவோரிக் குழந்தைகள் பலர் தண்டிக்கப்பட்டனர். அடிபட்ட குழந்தைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தம் மக்களாவது துன்பமின்றி வாழட்டும் எனக் கருதி அவர்களிடம் ஆங்கிலத்திலேயே பேசினர். இரண்டாம் உலகப்போருக்குப்பின் வேலை தேடி மாவோரி மக்கள் நகரங்களுக்குப் பெருமளவில் குடிபெயர்ந்ததும் இச்சரிவை விரைவுபடுத்தியது. ஒரு மொழி நலிவதற்கு அதனைப் பேசுவோர் அனைவரும் அழிய வேண்டுவதில்லை. பெற்றோர் தம் குழந்தைகளிடம் அதில் பேசாமல் விட்டாலே போதும்.

இந்நிலையை மாற்ற இளைஞர்கள் முன்வந்தனர். 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், பள்ளிகளில் மாவோரி மொழியைக் கற்பிக்க வேண்டும் எனக்கோரி 30,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்டது. அந்நாள் மாவோரி மொழிநாளாயிற்று. 1975 முதல் அது மொழிவாரமாக விரிந்தது. 1982இல் 'கோஹங்கா ரேயோ' என்னும் மழலையர் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அத்தொடருக்கு 'மொழிக்கூடு' என்பது பொருள். மாவோரி அறிந்த முதியோர், பள்ளிசெல்லும் வயதை எட்டாத குழந்தைகளோடு அக்கூட்டில் அம்மொழியில் மட்டுமே உரையாடினர். ஒரு தலைமுறை தவறவிட்டதை மூத்த தலைமுறை நேரடியாக இளைய தலைமுறைக்கு வழங்கிய அரிய முயற்சி அது.

1986இல் வைதாங்கித் தீர்ப்பாயம், மாவோரி மொழியும் உடன்படிக்கையால் பாதுகாக்கப்பட வேண்டிய அரும்பொருளே எனக் கூறியது. மறு ஆண்டே அம்மொழி சட்டப்படி ஆட்சிமொழியாயிற்று. டுவிக்கனத்தில் ஹினெவெஹி மோஹி பாடியபோது அது ஆட்சிமொழியாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. சட்டம் அம்மொழியை ஏற்றிருந்தது. மக்களின் செவி இன்னும் அதற்குப் பழகவில்லை.

எதிர்ப்பு ஏற்பாக மாறுதல்

1999இல் எழுந்த கண்டனம் ஒரு நன்மையையும் விளைவித்தது. நாட்டுப்பண்ணை எம்மொழியில் பாடுவது என்னும் வினாவை நாடு முழுவதும் விவாதித்தது. மாவோரி வடிவத்தை விலக்கி வைப்பதற்கு மாறாக, இரு வடிவங்களையும் சேர்த்துப் பாடுவதே முறை என்னும் கருத்து வலுப்பெற்றது. விரைவில் புதிய வழக்கம் ஒன்று வேரூன்றியது. முதற்கண் மாவோரி மொழியிலும், அடுத்து ஆங்கிலத்திலும் முதல் பத்தி பாடப்படுகிறது. விளையாட்டரங்குகள், பள்ளிகள், அரசு விழாக்கள் என எங்கும் இன்று இம்முறையே நிலவுகிறது.

இம்மாற்றத்தின் அளவை இரண்டு எண்கள் உணர்த்தும். நியூசிலாந்து மக்கள்தொகையில் மாவோரி இனத்தவர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர். 2018ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவோரி மொழியில் உரையாடத் தெரிந்தவர் நூற்றுக்கு நால்வரே. ஆகவே, அரங்கில் எழுந்துநின்று பண்ணின் முதற்பகுதியைப் பாடுவோரில் மிகப் பெரும்பான்மையோர் தமக்குப் பேசத்தெரியாத மொழியிலேயே பாடுகின்றனர்.

சிறுபான்மையோர் பெரும்பான்மையோரின் மொழியைக் கற்பது உலகில் இயல்பாக நிகழ்வது. வாழ்க்கைத் தேவை அவர்களைக் கற்கச் செய்கிறது. பெரும்பான்மையோர் சிறுபான்மையோரின் மொழியில் நாட்டுப்பண்ணைப் பாடுவதற்கு அத்தகைய தேவை எதுவும் இல்லை. ஆதலால் அச்செயலில் நட்புணர்வு வெளிப்படுகிறது. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு முதியவர், அதே மொழியில் நாட்டின் எல்லாக் குழந்தைகளும் பாடுவதைக் கேட்கிறார் எனில், அதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

ஒரு பாடலால் ஒரு மொழியைக் காத்துவிட முடியாது என்பதும் உண்மையே. வீட்டிலும் வகுப்பறையிலும் கடைத்தெருவிலும் பேசப்பட்டால்தான் மொழி வாழும். எனினும் ஒரு மொழி எங்கு ஒலிக்கிறது என்பது, அதைப் பேசும் குழந்தை தன்னைப்பற்றிக் கொள்ளும் எண்ணத்தை உருவாக்குகிறது. மறைத்துப் பேச வேண்டிய மொழி என எண்ணுவதற்கும், நாடே எழுந்துநின்று பாடும் மொழி என எண்ணுவதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு.

டுவிக்கனத்தில் பாடிய ஹினெவெஹி மோஹி பின்னாளில் பிற கலைஞர்களையும் மாவோரி மொழியில் பாட ஊக்குவித்தார். புகழ்பெற்ற ஆங்கிலப் பாடல்களை அவற்றைப் பாடிய நியூசிலாந்துக் கலைஞர்களே மாவோரியில் பாடிய தொகுப்பு ஒன்று 2019இல் அவர் முயற்சியால் வெளிவந்தது. 2021இல் நாட்டின் உயரிய சிறப்புப்பட்டங்களுள் ஒன்று அவருக்கு வழங்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

மாவோரி, ஆஸ்திரனேசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. மலாய், ஹவாய், சமோவா மொழிகளும் இக்குடும்பத்தினவே. தமிழோடு இதற்கு உறவில்லை. ஆயினும் தமிழ் கற்போர் இதில் சில ஒப்புமைகளைக் காணலாம்.

• தமிழில் குறில், நெடில் வேறுபாடு பொருளை மாற்றுவதுபோல் மாவோரியிலும் மாற்றும். 'தங்கதா' எனக் குறிலில் தொடங்கினால் ஒரு மனிதர். 'தாங்கதா' என நெடிலில் தொடங்கினால் மனிதர் பலர்.

• தமிழில் 'அங்ஙனம்', 'இங்ஙனம்' போன்ற சொற்களில் அருகி வரும் ஙகர உயிர்மெய், மாவோரியில் சொல்லின் முதலிலும் இயல்பாக வரும். பன்மைப் பெயர்களின்முன் வரும் 'ஙா' என்னும் சிறுசொல் அதற்குச் சான்று.

• மாவோரியின் எல்லா அசைகளும் உயிரொலியிலேயே முடியும். மெய்யொலியில் முடியும் சொற்கள் அதில் இல்லை.

• 2006 முதல் நியூசிலாந்துச் சைகைமொழியும் அந்நாட்டின் ஆட்சிமொழியாகும். நாட்டுப்பண்ணுக்குச் சைகைமொழி வடிவமும் உண்டு.

பிற நாடுகள் கண்ட வழிகள்

பல மொழியினர் வாழும் நாடுகள் நாட்டுப்பண்ணின் மொழிச்சிக்கலை வெவ்வேறு வகையில் தீர்த்துள்ளன.

கனடாவின் நாட்டுப்பண் 1880இல் பிரெஞ்சு மொழியில் பிறந்தது. இன்று பாடப்படும் ஆங்கில வடிவத்தின் அடிப்படைப் பாடல் 1908இல் எழுதப்பட்டது. அது பிரெஞ்சுப் பாடலின் மொழிபெயர்ப்பு அன்று. இசை மட்டுமே பொது, கருத்துகள் வேறு. 1980இல் இரு வடிவங்களும் சட்டப்படி ஏற்கப்பட்டன.

இனவொதுக்கல் கொள்கையிலிருந்து விடுபட்ட தென்னாப்பிரிக்கா 1997இல் வேறொரு வழியைக் கண்டது. விடுதலைப் போராட்டத்தில் கருப்பின மக்கள் பாடிவந்த பாடலையும், முந்தைய ஆட்சியின் நாட்டுப்பண்ணையும் இணைத்து ஒரே பண்ணாக்கியது. கோசா, சூலு, சிசோதோ, ஆப்பிரிக்கான்ஸ், ஆங்கிலம் ஆகிய ஐந்து மொழிகள் அதில் அடுத்தடுத்து வருகின்றன. முழுப்பண்ணையும் பாடும் எவரும் தம் தாய்மொழியல்லாத மொழியில் பாடியே ஆக வேண்டும். ஒருகாலத்தில் தம்மை ஒடுக்கியவர்களின் மொழியிலும், தம்மால் ஒடுக்கப்பட்டவர்களின் மொழியிலும் அவர்கள் பாடுகின்றனர். டர்பன் நகரில் வாழும் தமிழ் வழியினரும் அவ்வைந்து மொழிகளிலேயே நாட்டுப்பண்ணைப் பாடுகின்றனர்.

சிங்கப்பூரில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள். மக்களில் பெரும்பான்மையோர் சீனர். ஆயினும் சுபிர் சைத் இயற்றிய மலாய்ப்பாடலே அங்கு நாட்டுப்பண். சீனக் குழந்தைகளும் தமிழ்க் குழந்தைகளும் அதனை மலாய் மொழியிலேயே பாடுகின்றனர். பொருளை அறிந்துகொள்வதற்குத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அதன் மொழிபெயர்ப்புகள் உள்ளன.

இலங்கையின் நாட்டுப்பண்ணைச் சிங்களத்தில் இயற்றியவர் சாந்திநிகேதனில் பயின்ற ஆனந்த சமரக்கோன். அதனைத் தமிழில் ஆக்கியவர் பண்டிதர் மு. நல்லதம்பி. இரு வடிவங்களுக்கும் இசை ஒன்றே. பல பத்தாண்டுகளுக்குப்பின், 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் நடைபெற்ற விடுதலைநாள் அரசு விழாவில் தமிழ் வடிவமும் பாடப்பட்டது. 2020ஆம் ஆண்டு விழாவில் சிங்கள வடிவம் மட்டுமே பாடப்பட்டது. மொழிபெயர்ப்பு ஒன்று இருப்பது வேறு, அது விழா மேடையில் பாடப்படுவது வேறு என்பதை நியூசிலாந்தைப் போலவே இலங்கையின் வரலாறும் உணர்த்துகிறது.

இவ்வழிகளுள் எதனையும் எல்லா நாடுகளுக்கும் உரிய விதியாகக் கொள்ளல் இயலாது. ஒரு மொழியில் பாடுவதாலேயே ஒற்றுமை தோன்றிவிடுவதில்லை. பல மொழிகளில் பாடுவதாலேயே அது சிதைந்துவிடுவதுமில்லை. ஒருவர் தம் மொழிக்கு உரிய மதிப்பு குன்றவில்லை என உணரும்போது, பிறமொழிப் பண்ணையும் மனமுவந்து பாடுகிறார். இவ்வுணர்வே இச்சிக்கலின் மையம்.

நம் நாட்டுப்பண்

இந்திய நாட்டுப்பண் இரவீந்திரநாத் தாகூரால் வடசொற்கள் மிகுந்த வங்காளத்தில் இயற்றப்பட்டது. 1911ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் கொல்கத்தாவில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டில் முதன்முதலாகப் பாடப்பட்டது. ஐந்து பத்திகள் கொண்ட அப்பாடலின் முதல் பத்தி 1950ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது. முழுமையாகப் பாட ஏறத்தாழ 52 நொடிகள் ஆகும். வங்காளிகளைத் தவிர்த்த இந்தியர் அனைவருக்கும் அது பிறமொழிப் பண்ணே.

பாடலின் பொருள் பிறமொழியினரைச் சென்றடைய வேண்டும் என்பதில் தாகூரே கருத்துச் செலுத்தினார். 1919இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு வந்திருந்தபோது, அங்குள்ள கல்லூரியில் அவர் இப்பாடலைப் பாடினார். அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் தந்தார். அக்கல்லூரியோடு தொடர்புடைய மார்கரெட் கசின்சு அம்மையார் அதற்கு இசைக்குறிப்பு அமைக்கத் துணைநின்றார். வங்கத்தில் பிறந்த பாடலின் பொருளும் இசையும் எழுத்துவடிவம் பெற்ற வரலாற்றில் தென்னகத்திற்கும் இவ்வாறு ஓரிடம் உண்டு.

தமிழ்நாட்டில் அரசு விழாக்கள் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்கி நாட்டுப்பண்ணோடு நிறைவடைகின்றன. மனோன்மணீயம் சுந்தரனார் இயற்றிய தமிழ்த்தாய் வாழ்த்து 2021இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அதனை 55 நொடிகளில் பாட வேண்டும் என்பது அரசின் நெறிமுறை. தொடக்கத்தில் தாய்மொழியில் ஒரு பாடல். முடிவில் பிறமொழியில் ஒரு பாடல். இரண்டுக்கும் ஒரே மதிப்போடு எழுந்து நிற்கும் மாணவர், இருமொழிகளில் பாடும் நியூசிலாந்து மாணவருக்கு மிகவும் அண்மையில் நிற்கிறார்.

ஆயினும் எழுந்து நிற்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. முதல் வகுப்பில் செவிவழியாகக் கற்ற பண்ணை, பதினோராம் வகுப்பிலும் ஒலியாக மட்டுமே பாடிவருவோர் உளர். அதில் பெயர்சுட்டப்படும் நிலப்பகுதிகள் எவை, மலைகள் எவை, ஆறுகள் எவை, அதில் போற்றப்படுபவர் யார் என அறிந்து பாடும்போதுதான் அப்பண் பாடுபவருக்கு உரியதாகிறது. பொருளறியாது பாடும் தாய்மொழிப் பாடலும் அயலானதே. பொருளுணர்ந்து பாடும் பிறமொழிப் பாடலும் நமதே.

மாவோரிச் சொற்களை முதன்முதலாகக் கற்ற நியூசிலாந்துக் குழந்தைகள், அவற்றைத் தம் பெற்றோருக்கும் கற்பித்தனர் எனின் அது வியப்பன்று. புதிய மொழியை முதலில் ஏற்பது இளையோரின் நாவே. ஒரு நாட்டின் பண் பாடுவோர் அனைவருக்கும் சொந்தமாவது சட்டத்தில் எழுதப்படும் நாளில் அன்று. ஒருவர் மொழியை மற்றொருவர் மதித்துக் கற்கும் நாளில்.

கற்பவை கற்றபின்

1. இந்திய நாட்டுப்பண்ணில் இடம்பெறும் நிலப்பகுதிகள், மலைகள், ஆறுகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இந்திய நிலப்படத்தில் குறித்துக் காட்டுக.

2. நாட்டுப்பண்ணின் பொருளை எளிய தமிழ் உரைநடையில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.

3. 'பல மொழிகள் வழங்கும் நாட்டிற்கு ஒருமொழிப் பண் சிறந்ததா, பன்மொழிப் பண் சிறந்ததா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

4. உம் பகுதியில் தமிழ் தவிர்த்த பிறமொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நண்பரிடம் அம்மொழித் தாலாட்டு ஒன்றைக் கேட்டு, அதன் பொருளைத் தமிழில் எழுதுக.